தோளுக்கு மேல் உயராத கை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது இது. இடம், எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பொது டென்னிஸ் கோர்ட். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த மாலையை நினைத்துப் பார்க்க எந்தக் குறிப்பையும் நான் புரட்ட வேண்டியதில்லை. பந்துகள் விழுந்த இடங்கள் கூட இன்னும் கண்ணில் நிற்கின்றன.

நான் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கீறல் இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நாற்பது வயதுக்கு மேல் டென்னிஸ் கற்கத் தொடங்கியபோதும் அதே புத்தியோடுதான் போனேன். முதலில் ஃபோர்ஹேண்ட். அது பிசகாமல் வந்த பிறகு பேக்ஹேண்ட். பிறகு சர்வீஸ். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மாட்டேன். என் ஃபோர்ஹேண்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

எங்கள் கோர்ட்டில் விளையாடும் பெண்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஓர் அணியோடு போட்டி. அதில் ஒற்றையர் ஆட்டத்துக்கு ஓர் இடம்தான். பல ஆண்டுகளாக அந்த இடம் ஓர் அக்காவுக்கு உரியதாக இருந்தது. அவருக்கு என்னைவிட எட்டு, ஒன்பது வயது அதிகம். சூலியா தெருவில் அவர் குடும்பத்துக்கு ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை உண்டு. கல்லாவில் உட்காருவது அவர்தான். முக்காடும் நீளக்கைச் சட்டையுமாக அவர் கோர்ட்டில் இறங்கினால் எதிரில் நிற்பவருக்கு ஒரு பயம் வரும். அவருடைய சர்வீஸ் அப்படி.

அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு பல மாதம் பிசியோதெரபி. கடைசியில் கை பழையபடி வேலை செய்தது, ஆனால் தோளுக்கு மேல் உயரவில்லை. இனி உயராது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அவர் இல்லாத அந்த ஆண்டில்தான் ஒற்றையர் இடத்துக்கு என் பெயர் பேச்சில் வந்தது.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா ராக்கெட்டோடு கோர்ட்டுக்கு வந்தார். எங்கள் அணியைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் நல்ல மனிதர். அக்காவின் மனம் நோகக் கூடாது என்று யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"அக்கா, நீங்க இந்தத் தடவை மேனேஜரா வாங்க. தண்ணிப் பெட்டி, துண்டு, பசியாற ஏற்பாடு, எல்லாம் நீங்கதான் பொறுப்பு."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணிப் பெட்டி தூக்க என் கை நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்கு மேல தூக்க முடியலன்னா என் ஆட்டம் முடிஞ்சிருச்சா?"

"சர்வீஸ் எப்படிக்கா போடுவீங்க?"

"கீழேருந்து போடுவேன். ரூல்ல இருக்கு."

"ரூல்ல இருக்கு லா. ஆனா பாக்க நல்லா இருக்காது. சின்னப் பிள்ளைங்க போடற மாதிரி இருக்கும். எதிரணிக்காரங்க சிரிப்பாங்க."

"பாக்க நல்லா இருக்கணும்னா வீட்ல டிவி இருக்கு. நான் விளையாடத்தான் வந்தேன். இந்தத் தங்கச்சிகூட ஒரு செட் ஆடறேன். தோத்தா நானே பெட்டி தூக்கிட்டு வரேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மறுக்க வழியில்லை. உண்மையில் மறுக்க நினைக்கவும் இல்லை. அந்த இடம் எனக்கு வேண்டும். தோளுக்கு மேல் கை உயராத ஒருவரிடம் நான் தோற்பேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை மாலை ஆட்டம் தொடங்கியது. பார்க்க அந்த அண்ணனும், எங்கள் அணியில் இரட்டையர் ஆட்டம் ஆடும் வாயாடித் தோழி ஒருத்தியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேம் என் சர்வீஸ், எளிதாக எடுத்தேன். அடுத்தது அக்காவின் சர்வீஸ். இடுப்பளவில் பந்தை விட்டு, கீழிருந்து தட்டினார். வலையைத் தாண்டி மெதுவாக வந்த அதை என் ஃபோர்ஹேண்டால் மூலைக்கு அடித்தேன். மூன்று கேம்கள் இப்படியே எனக்கு வந்தன. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அடியின் வேகத்தைச் சற்றுக் குறைத்தேன்.

அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு வலை அருகே வந்தார்.

"என்ன தங்கச்சி, பிள்ளைக்குச் சோறா ஊட்டறே? அடி!"

எனக்கு முகம் சுட்டது. சரியென்று பழையபடி அடிக்கத் தயாரானேன். அதற்குப் பிறகுதான் ஆட்டம் மாறியது.

நான்காவது கேமில் அக்கா போட்ட சர்வீஸ் முன்பு போட்டது போல இல்லை. பந்தின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டார். அது வலையைத் தாண்டியதும் உயிர் போனது போலத் தரையில் அமுங்கி, பக்கவாட்டில் ஓடியது. நான் பாய்ந்து வந்து எப்படியோ திருப்பினேன். அக்கா அவசரப்படவில்லை. என் தலைக்கு மேலே உயரமாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். அதைத்தான் லாப் என்கிறோம். கையை உயர்த்தாமல் கீழிருந்தே தூக்கிவிடலாம். நான் திரும்பிப் பின்கோட்டுக்கு ஓடி எடுத்தேன். அந்தப் பந்து போய்ச் சேர்ந்ததும், வலையை ஒட்டி ஒரு பூவை வைப்பது போல மெல்லப் போட்டார். மறுபடியும் முன்னே ஓடினேன். எட்டவில்லை.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த பாயிண்டிலும் அதே வரிசை வந்தது. மூன்றாவது முறை, வலை அருகே விழும் குட்டைப் பந்துக்குப் பிறகு லாப் வரும் என்று தெரிந்துகொண்டு, பந்தைத் திருப்பியவுடன் பின்னால் நகர்ந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டார். லாப் போடாமல் மறுபடி குட்டையாகவே போட்டார். நான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பெஞ்சிலிருந்து தோழி கத்தினாள். "அலாமாக்! அக்கா, இது டென்னிஸா, உங்க கடை குவா சம்பூரா? ஒன்னு மேல ஒன்னு கலந்து ஊத்தறீங்க!"

நாசி கண்டார் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அக்கா சிரித்தார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றுக்கு மூன்று என்று ஆனது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அக்காவின் அடிகளில் எதையும் தனியாக எடுத்து மதிப்பெண் போட்டால் தேறாது. அந்த லாபை என் பயிற்சியாளர் 'உயரம் போதாது' என்பார். அந்தக் குட்டைப் பந்தை 'வேகமில்லை' என்பார். நானாக இருந்தால் இரண்டையும் ஒதுக்கி வைத்திருப்பேன். ஆனால் குட்டைப் பந்தின் வேலை பாயிண்ட் எடுப்பது இல்லை, என்னை முன்னே கூப்பிடுவது. நான் முன்னே வந்த பிறகு, உயரம் போதாத லாபே போதுமானதாகிவிடுகிறது. ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்காக என்னை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முதல் மூன்று கேம்களில் அவர் தோற்றுக்கொண்டிருந்தபோது, எந்தப் பந்துக்குப் பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கேமை எப்படியோ எடுத்தேன். பக்கம் மாறும்போது அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "உயரமா எழும்பற மாதிரி அடிங்க. அவங்க வலது தோளுக்கு மேல."

அது சரியான யோசனைதான். எதிராளியின் பலவீனத்தில் அடிப்பது விளையாட்டில் குற்றமில்லை. பின்னால் நின்று, பந்தை மேல்சுழற்சியோடு உயர அடித்தேன். அது தரையில் பட்டு அக்காவின் தோளுக்கு மேல் எழும்பியது. கையை உயர்த்த முயன்று, முடியாமல், உடம்பை வளைத்து எப்படியோ தொட்டார். பந்து வெளியே போனது. வலியில் அவர் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன். ஆனாலும் சோறு ஊட்டக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். மறுபடியும் அங்கேயே அடித்தேன். அவர் தன் சர்வீஸில் ஒரு கேம் எடுத்தாலும், ஐந்துக்கு நான்கு என்று நான் முன்னே போனேன். இன்னும் ஒரு கேம் எடுத்தால் போதும்.

அக்கா பின்கோட்டில் நின்று, சிறிது நேரம் ராக்கெட்டின் நரம்புகளைச் சரிசெய்தார். பிறகு சர்வீஸ் போட்டார். அந்த கேமில் ஒரு பந்தைக் கூட என்னால் உயரமாக அடிக்க முடியவில்லை. காரணம் எளிமையானது. ஒரு பந்தை உயர எழும்பும்படி அடிக்க வேண்டுமானால், அது என் இடுப்பளவுக்காவது வர வேண்டும். அக்கா எல்லாப் பந்தையும் அடியில் வெட்டி ஸ்லைஸ் செய்து, என் கணுக்காலுக்கு மேல் எழும்பாமல் பார்த்துக்கொண்டார். குனிந்து எடுக்கும் பந்தை வலைக்கு மேல் கொண்டுபோவதே எனக்குப் பெரிய பாடாகிவிட்டது. என்னிடமிருந்து ஓர் அடியை அவர் பிடுங்கிவிட்டார். தோளுக்குக் கீழே இருந்தபடியே, தோளுக்கு மேல் வரும் பந்தை வரவிடாமல் செய்துவிட்டார்.

ஐந்துக்கு ஐந்து. அப்போது மழை கொட்டியது.

பெஞ்சுக்கு மேலிருந்த தகரக் கூரைக்குக் கீழே நால்வரும் ஒதுங்கினோம். அண்ணனும் தோழியும், அண்ணன் ஓட்டி வந்த காடியிலிருந்து துண்டுகள் எடுத்து வர ஓடினார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்துக்கா இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கத்துக்கறது? பிசியோவுக்குப் போய்ட்டு வர வழியில, சுவத்துல அடிச்சுப் பாத்தேன். தோளுக்குக் கீழ எது எது வருதுன்னு. ஸ்லைஸ் வந்துச்சு. லாப் வந்துச்சு. மெதுவாப் போடறது வந்துச்சு. நேராத் தள்றது வந்துச்சு. அவ்ளோதான். முன்னாடி எனக்கு சர்வீஸ் ஒன்னே போதும், மத்ததப் பத்தி யோசிச்சதே இல்ல. இதுங்க தனித்தனியா ஒன்னுக்கும் உதவாது. அப்புறம் எதுக்குப் பின்னால எதப் போட்டா என்ன ஆகும்னு மாத்தி மாத்திப் பாத்தேன்."

மழையைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கை இனிமே தூக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னப்ப நான் அழல. தண்ணிப் பெட்டின்னு தம்பி சொன்னாரு பாரு, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்."

மழை விடத் தொடங்கியதும் அக்கா எழுந்தார். எழுந்தபடியே ஒரு காரியம் செய்தார். நான் இதுவரை எந்த ஆட்டக்காரரிடமும் பார்த்திராத காரியம்.

"குட்டைப் பந்து, லாப், ரெண்டுக்கும் நீ இப்ப ரெடியாயிட்டே. அதனால இனிமே உன் இடது பக்கம் ரெண்டு மூணு தடவ தாழ்வாப் போடுவேன். நீ அங்கேயே சாஞ்சதும் வலது பக்கம் வரும். வலது பக்கம் முந்தினேன்னா, மறுபடி இடதுலயே வரும். சொல்லிட்டேன்."

"என்கிட்டயே சொல்றீங்களே அக்கா!"

"தெரிஞ்சா போதுமா? கால் அங்க இருக்கணும்ல."

நீளமான ரப்பர் தள்ளுகட்டையால் தண்ணீரைத் தள்ளிவிட்டு மறுபடியும் தொடங்கினோம். அவர் சொன்னபடியே செய்தார். இடது பக்கம் தாழ்வாக ஒன்று, அதைவிட அகலமாக இன்னொன்று. எல்லாம் தெரிந்துதான் நின்றேன். ஆனால் அந்தப் பந்தை எடுக்க நான் கோர்ட்டுக்கு வெளியே காலை வைத்தே ஆக வேண்டியிருந்தது. வலது பக்கம் காலியாக இருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு முறை முன்கூட்டியே வலது பக்கம் ஓடினேன். சொன்னபடி இடது பக்கமே வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சர்வீஸிலேயே அந்த கேமை எடுத்தார். ஆறுக்கு ஐந்து.

கடைசி கேம் அவர் சர்வீஸ். நானும் விடவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. இரண்டு முறை அவர் வெற்றிக்கு அருகில் வந்தபோதும் இழுத்துப் பிடித்தேன். மூன்றாவது முறை, மீண்டும் அந்தக் குட்டை சர்வீஸ். முன்னே ஓடி வந்து, இந்த முறை நல்ல கோணத்தில் திருப்பினேன். அக்கா ஈரத்தில் ஓடி, பந்துக்குக் கீழே ராக்கெட்டைக் கொடுத்துத் தூக்கினார். என் தலையைத் தாண்டிப் போன பந்து பின்கோட்டின் அருகே விழுந்தது.

எங்கள் ஆட்டங்களில் நடுவர் கிடையாது. பந்து எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் நிற்பவர்தான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதே முடிவு. பெஞ்சிலிருந்து அந்த மூலை தெரியாது. அக்கா நின்ற இடத்திலிருந்து பின்கோடு வெகுதூரம். தீர்ப்பு முழுக்க என்னிடம் இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காயத் தொடங்கியிருந்த தரையில் ஈரப்பந்து ஒரு கருவட்டத்தைப் பதித்திருந்தது. வட்டத்தின் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே. ஓரம் மட்டும் வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தது. நகத்தின் நுனியளவு. வேறு யார் கண்ணுக்கும் அது வெளியே விழுந்ததாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் கோட்டைத் தொட்டால் உள்ளேதான். விளிம்பு பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"உள்ளே" என்று சொல்லத் திரும்பினேன். அக்கா அதற்குள் வலை அருகே வந்து, கை குலுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளேக்கா. கோட்டைத் தொட்டிருக்கு" என்றேன். பெஞ்சில் தோழி குதித்தாள். அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே" என்று கேட்டேன். "அவுட்னு சொல்லியிருந்தா?"

"அவுட்னா அவுட். திரும்பிப் போய் அடுத்தது போட்டிருப்பேன்." என் கையைப் பிடித்தபடி சொன்னார். "ஆனா நீ இருக்கறதத்தான் சொல்லுவேன்னு தெரியும். இவ்ளோ நேரம் உன்னத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

என் கால்களை மட்டும்தான் அவர் படித்தார் என்று நான் நினைத்திருந்தேன்.

அண்ணன் எங்களிடம் வந்தார். "அக்கா, மன்னிச்சிருங்க" என்றார். அக்கா, "மன்னிப்பெல்லாம் எதுக்கு? காடி எத்தன மணிக்கு வரும், அதச் சொல்லுங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கடற்பாலத்தைத் தாண்டிப் புக்கிட் மெர்தாஜாம் போனோம். நான் மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் இருந்தேன். அக்காவின் முதல் சர்வீஸைப் பார்த்து எதிரணியில் சிலர் சிரித்தது உண்மை. எதிரில் நின்ற பெண் அக்காவைவிட மிகவும் இளையவர், நல்ல ஆட்டக்காரி. அக்கா ஒரு செட் எடுத்தார், ஒரு செட் கொடுத்தார், மூன்றாவதில் நூலிழையில் தோற்றார். அதற்குள் சிரித்தவர்கள் எல்லாரும் கோர்ட்டின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த இளம் பெண் அக்காவிடம் வந்து, "அந்த சர்வீஸ எப்படிப் போடறீங்க?" என்று கேட்டார். அக்கா ராக்கெட்டை அவர் கையில் கொடுத்து, பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் அவர்கள் இருவரும் அப்படி நின்றதை நான் வெகுநேரம் பார்த்தேன்.

எனக்கு அந்த இடம் இதுவரை கிடைக்கவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒரு முறை அக்காவோடு ஆடுகிறேன், பெரும்பாலும் தோற்கிறேன். என் ஃபோர்ஹேண்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நன்றாக விழுந்ததா என்று நின்று பார்ப்பதை விட்டுவிட்டேன். அதற்கு அடுத்து என்ன என்று பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் முழங்கால் ஒரு நாள் மறுக்கிறது, கண் ஒரு நாள் மங்குகிறது. என்னிடம் இல்லாமல் போனதை எண்ணி மனம் சோரத் தொடங்கும்போதெல்லாம், சுவருக்கு முன்னால் தனியாக நின்று, தன்னிடம் மிச்சமிருந்த சாதாரண அடிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு, நானும் என்னிடம் இருப்பவற்றை எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்குகிறேன்.